குசினிக்கு அடியில் ஒரு தொட்டி

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். ஈப்போவில் இருக்கும் என் அத்தை வீட்டில் கழிவறை ‘பேச’ ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்குவதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு வரை வந்து நின்று, ‘களக் களக்’ என்று சத்தம் போட்டுவிட்டு மெல்ல வடியும். பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் கறுத்துவிட்டது. முறுக்கு சுடும் வாசனை வரவேண்டிய வீட்டில் வேறு வாசனை.

அத்தை வீடு எண்பதுகளில் கட்டிய வரிசை வீடு. அந்தத் தாமானுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ஒரு செப்டிக் தொட்டி. இது அத்தைக்குத் தெரியும். தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் ஒரு பிளம்பர் வந்தார். ஏதோ ஓர் அமிலத்தைக் கொட்டினார், எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் ‘களக் களக்’. அடுத்து வந்தவர் கொஞ்சம் விவரமானவர். வீட்டைச் சுற்றி வந்து, சமையலறைச் சுவரோரமாகக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி, “மேடம், தொட்டி இங்கதான் இருக்கு. உங்க அடுப்புக்குக் கீழ” என்றார்.

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா உயிரோடு இருந்த காலத்தில் பின்பக்கத்து வெற்று நிலத்தை வளைத்துக் குசினியைப் பெரிதாக்கினார்கள். தரையில் நல்ல பளபளப்பான ஓடு பதித்தார்கள். அந்த வெற்று நிலத்தில் இரண்டு சிமெண்டு மூடிகள் இருந்ததும், அவற்றின் மேல்தான் ஓடு பதித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

பழைய தாமான்களில் இது அத்தை வீட்டுக் கதை மட்டுமல்ல. நம்மில் யார்தான் பின்பக்கத்தை இழுத்துக் கட்டாமல் இருக்கிறோம்? பழைய வரிசை வீடுகளில் தொட்டியைப் பெரும்பாலும் பின்பக்கம்தான் புதைத்தார்கள். நாம் நீட்டிக் கட்டுவதும் அதே பின்பக்கம்தான்.

“எறங்காதே!”

ஓட்டை உடைத்தாயிற்று. மூடியை நெம்பித் திறந்தார்கள். பிளம்பரோடு வந்த இளைஞர், இந்தோனேசியாக்காரர், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சட்டையைக் கழற்றிவிட்டு வாளியைக் கயிற்றில் கட்டினார். உள்ளே இறங்கி வாரி வாரிக் கொடுப்பதாகத் திட்டம். மொத்தமாக முந்நூறு வெள்ளி பேசியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் தோட்டத்து மருத்துவமனையில் டிரஸராக இருந்தவர். எண்பதைத் தாண்டியவர். அவர் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“எறங்காதே! யாரும் எறங்காதீங்க!”

மூடிய தொட்டிக்குள் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். குறைவாக இருக்கும்போது நாற்றம் நம்மை எச்சரிக்கும். அளவு கூடியதும் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். “இப்போ வாடை போயிடுச்சு, எறங்கலாம்” என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். கசட்டைக் கலக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளிவரும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இப்படி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர், நான்கு பேர் இறந்த செய்திகள் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. கூடவே மீத்தேனும் இருக்கிறது; அது தீப்பிடிக்கும். அத்தை வீட்டில் தொட்டி வாயிலிருந்து நான்கடி தூரத்தில் கேஸ் அடுப்பு.

வாளி கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். அந்த இளைஞர் சட்டையைப் போட்டுக்கொண்டார். வேலை கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்தான். தடுத்தது எதிலிருந்து என்று அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பெரியவர் கத்தியிருக்காவிட்டால் நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

பலர் நினைப்பதுபோல் செப்டிக் தொட்டி வெறும் சேமிப்புக் குழி அல்ல. அது ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையம். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். 1860களில் பிரான்சில் லூயி மூராஸ் என்பவர் தம் வீட்டுக்காக இப்படி ஒன்றைக் கட்டினார். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தின் டொனால்ட் கேமரன் 1895இல் இதற்குச் ‘செப்டிக் தொட்டி’ என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை பெரிதாக மாறவில்லை.

கழிவறையிலிருந்து வருவது முதல் அறைக்குள் விழுகிறது. அங்கே அது அவசரப்படாமல் நிற்க வேண்டும், குறைந்தது ஒரு நாளாவது. கனமானது அடியில் படியும்; அதுதான் கசடு. எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து, காய்ச்சிய பாலின் ஏடு போலக் கட்டிக்கொள்ளும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். அந்த நடுநீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து வெளியேறும். அடியில் படிந்ததைக் காற்றே வேண்டாத நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று குறைக்கும். குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்கிவிடாது.

இனி ஒரு கணக்கு. ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர் கசடு சேர்வதாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 லிட்டர். சிறிய வீட்டுத் தொட்டி ஒன்றின் கொள்ளளவு 2,000 லிட்டர் என்று கொள்வோம். இரண்டு ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு கசடு. ஐந்து ஆண்டில் பாதி. பத்து ஆண்டில், தாளில் போடும் கணக்குப்படி, தண்ணீருக்கு இடமே இல்லை. உண்மையில் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நீர் நிற்க இடம் குறையக் குறைய, வந்தது படிய நேரமில்லாமல் கசடோடு சேர்ந்தே வெளியே ஓடும். தொட்டி நிரம்பியது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு வெகு காலம் முன்பே பின்பக்கக் கால்வாய்க்குத் தெரிந்துவிடும்.

அத்தை வீட்டுத் தொட்டியைத் திறந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். இத்தனை காலம் எப்படிச் சமாளித்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் மட்டும்தான் தொட்டிக்குப் போகும். குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேரே கால்வாய்க்குப் போய்விடும். நாட்டின் கழிவுநீர்க் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று வைக்கிறார்கள். அது எல்லாத் தண்ணீரையும் சேர்த்த கணக்கு. அவ்வளவும் உள்ளே வந்திருந்தால் 2,000 லிட்டர் தொட்டி எப்போதோ கைவிரித்திருக்கும். மச்சான் போன ஆண்டு துணி துவைக்கும் இயந்திரத்தைக் குசினிக்கு மாற்றியபோது, அதன் குழாயை ‘கிட்டத்தில் இருக்கிறதே’ என்று கழிவறைக் குழாயோடு இணைத்திருக்கிறார். தொட்டி பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தெளிந்த நீர், தூய நீர் அல்ல

தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் பார்வைக்குத் தெளிந்திருக்கலாம். ஆனால் கழிவின் மாசில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் மேலோ அதில் அப்படியே இருக்கும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்க்கிருமிகளைச் செப்டிக் தொட்டி கொல்வதில்லை. தொட்டி செய்வது பாதி வேலை. மீதி வேலையை மண் செய்ய வேண்டும். துளையிட்ட குழாய்களைச் சரளைக் கல்லுக்கு நடுவே புதைத்து, வடிநீரை மண்ணுக்குள் மெல்ல ஊறவிடுவது அதற்கான பழைய வழி. மண்ணின் மேலடுக்கில் காற்று இருக்கிறது, கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் உண்மையான சுத்திகரிப்பாளர்கள்.

நம் தாமான் வீடுகளில் அதற்கு நிலம் ஏது? அதனால் பெரும்பாலும் வடிநீர் நேரே கால்வாயில் விழுகிறது. கம்பத்தில், பழைய தோட்டப்புறத்தில், சொந்த நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் எல்லா மண்ணும் ஒன்றல்ல. கிள்ளான், பந்திங் பக்கம் கடலோரக் களிமண்ணில் தண்ணீர் இறங்காது; மேலேயே தேங்கும். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் கதை தலைகீழ். ஈயம் எடுத்துப்போட்ட மணலில் தண்ணீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடும். வடிகட்ட நேரமே இருக்காது. அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறை. அதில் குகைகளும் வெடிப்புகளும். ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கியது எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

மண் எப்படி என்று வீட்டிலேயே ஒருவாறு சோதித்துப் பார்க்கலாம். ஊறவைக்கப் போகும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, அது நிறையத் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடியும் ஊற்றி, நீர்மட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அசையவே இல்லை என்றாலும், ஊற்ற ஊற்ற மாயமாக மறைந்தாலும், சாதாரண ஊறல் குழி அங்கே சரிப்படாது. இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். வெயில் காலத்தில் எந்த மண்ணும் நல்ல மண்தான்.

கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடு என்றால் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே நூறு அடியாவது இருக்கட்டும். கிணறு மேட்டில், தொட்டி பள்ளத்தில். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளந்துகொள்ளுங்கள்.

மண் ஒத்துவராத இடத்தில் வேறு வழிகள் உண்டு. தொட்டிக்குப் பின்னால் கல்லோ பிளாஸ்டிக் துண்டுகளோ நிரப்பிய வடிகட்டி அறை ஒன்றைச் சேர்க்கலாம். சிறிய மோட்டார் வைத்துக் காற்றை ஊதும் தயார்நிலைத் தொட்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன. அவை தரும் நீர் சாதாரணத் தொட்டியின் நீரைவிட எவ்வளவோ சுத்தம். ஆனால் மின்சாரத்தை அணைத்துவிட்டால் அவையும் சாதாரணத் தொட்டிதான். சிக்கனம் என்று சொல்லி மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இடம் தாராளமாக இருந்தால் சரளையில் நாணல் வளர்த்து அதன் வழியே நீரை ஓடவிடும் முறையும் நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

யார் பொறுப்பு?

முன்பு கழிவுநீர் அந்தந்த ஊர் நகராண்மைக் கழகத்தின், மாவட்ட மன்றத்தின் வேலை. 1993ஆம் ஆண்டின் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு அது கூட்டரசின் கைக்குப் போனது. 1994 முதல் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008இல் அமலுக்கு வந்தது. ஸ்பான் என்று நாம் சொல்லும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் மேற்பார்வை பார்க்கிறது. தனித் தொட்டியைப் பராமரிப்பதும் கசட்டை அகற்றச் செய்வதும் வீட்டு உரிமையாளரின் கடமை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும் என்பது இங்கே சொல்லப்படும் கணக்கு.

பெரிய நிலையங்களுக்கு அளவுகோல் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளில் ‘ஏ’ தரம், ‘பி’ தரம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடுகிறவர்கள் கடுமையான ‘ஏ’ தரத்தை எட்ட வேண்டும். ஆனால் 150 பேருக்கும் குறைவானவர்களின் கழிவைக் கையாளும் அமைப்புகளுக்கு அந்த விதிமுறைகள் பொருந்தா. அதாவது உங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை அந்த அளவுகோல் வைத்து யாரும் அளக்கப்போவதில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் கசடு எடுப்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. அதையும் நாம் ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கசடு எடுக்க யாரை அழைத்தாலும் அனுமதி பெற்றவரா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். மலிவாக வருகிற லோரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். செம்பனைத் தோட்டத்து மூலையிலோ ஆற்றங்கரையிலோ கொட்டினால், நீங்கள் காசு கொடுத்து வெளியேற்றியது வேறொருவர் தண்ணீரில் கலக்கிறது.

பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கசடு எடுத்ததும் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பச் சொல்லுங்கள். காலித் தொட்டி மழை நாளில் நிலத்தடி நீர் ஏறினால் படகு மாதிரி மேலே கிளம்பிவிடும். குழாய்கள் எல்லாம் முறிந்துபோகும்.

நுண்ணுயிர்ப் பொட்டலம், ஈஸ்ட், ‘ஒரு பாட்டில் ஊற்றினால் பத்து வருஷம் கவலையில்லை’ என்று விற்கிற திரவம், இவற்றில் காசைப் போடாதீர்கள். நுண்ணுயிர்களை நாம் தினமும் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கசடை வெளியே எடுப்பதற்கு மாற்று இல்லை. அந்தப் பிளம்பர் கொட்டிய அமிலமும் பாட்டில் பாட்டிலாக ஊற்றும் குளோரோக்ஸும் வேலை செய்கிற உயிர்களைத்தான் கொல்லும். பொரித்த எண்ணெய், ஈரத்தாள், குழந்தையின் பேம்பர்ஸ், சானிட்டரி பேட் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கோயில் பொறுப்பாளர்களுக்கு

எல்லாரும் பேசத் தயங்குகிற ஒன்று. தோட்டம் விற்றுப்போய், சனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகும் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிற ஊர்கள் எத்தனை! ஆண்டு முழுதும் அங்கே குருக்கள் குடும்பம் ஒன்றுதான். தொட்டியும் அவர்களுக்கு ஏற்ற அளவு. தீமிதித் திருவிழா அன்று ஐந்நூறு பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒருமுறை, ஆறு லிட்டர் என்றாலே 3,000 லிட்டர். 2,000 லிட்டர் தொட்டியில் ஒரு நாள் நிற்க வேண்டிய தண்ணீர் சில மணி நேரத்தில் பாய்ந்து, அடியில் படிந்ததையும் கலக்கி இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் ஓடுகிற சிற்றோடையில்தான் கரகத்துக்குத் தண்ணீர் எடுப்பார்கள்.

பந்தல் போடும் செலவோடு நடமாடும் கழிப்பறை வாடகையையும் சேர்த்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கசடு எடுத்துவிடலாம். அன்னதானச் சமையல் கொட்டகையின் கழிவு நீரைத் தனியாக ஓர் எண்ணெய்த் தடுப்புத் தொட்டிக்கு விடலாம். கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் அல்ல.

லோரி வந்த நாள்

அத்தை வீட்டுக்குத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு உறிஞ்சும் லோரி வந்தது. தடித்த குழாயைப் பின்வாசல் வழியே இழுத்து வந்தார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர்களில் ஒருவர் நம்மவர், ஒருவர் மலாய்க்காரர். வேலை முடிந்து கை கழுவியதும் அத்தை இருவரையும் வாசலில் உட்கார வைத்து, அப்போதுதான் சுட்ட முறுக்கும், எவர்சில்வர் டம்ளரில் காப்பியும் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “எங்க தோட்டத்துல வாளிக் கக்கூசு. விடியறதுக்கு முன்ன வந்து எடுத்துட்டுப் போவாரு ஒருத்தரு. காப்பித் தண்ணி கேட்டா எங்கம்மா செரட்டையிலதான் ஊத்தும். நானே கொண்டு போய்க் குடுத்திருக்கேன். அவரு பேரு என்னான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.” அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஓட்டை மறுபடியும் பதிக்கவில்லை. மச்சான் அந்த இடத்தில் வாயு கசியாத இரும்பு மூடி இரண்டு போட்டுவிட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயையும் மாற்றியாயிற்று. அரிசி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் அத்தை மார்க்கரில் தேதி எழுதி, அதன் கீழே இரண்டு ஆண்டு தள்ளி இன்னொரு தேதியும் எழுதியிருக்கிறார்.

மறுநாள் பெரியவர் லோரிக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வந்தார். அவருடையதும் அதே வரிசை வீடு, அதே வயதுத் தொட்டி. “உங்க தொட்டி எங்க இருக்கு ஐயா?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். “பின்னால கட்டினது சாமி ரூமாச்சே” என்றார்.